திறந்த மூலமும் வணிகரும்

கம்ப்யூட்டர் செய்யவேண்டுவனவற்றை மனிதர் எழுதிவைக்கும் கட்டளைத் தொகுதியே மூலநிரல் ஆகும். அதனை எவரும் வாசிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் இசைவு தந்து வெளியிடின், அது திறந்த மூலம் எனப்படும். இத்தகைய பொதுப்பொருளை வணிகர் கையாளுங்கால் விளையும் பூசலை ஓர் உதாரணத்தால் விளக்குவாம்.

ஷாய் பேனன் என்பார் 2010-ஆம் ஆண்டில் ‘எலாஸ்டிக்சர்ச்’ என்னும் தேடற்பொறியை வெளியிட்டார். எண்ணிறந்த ஏடுகளுள் வேண்டிய சொல்லை நொடியில் தேடித் தருவது அது. அப்பாச்சி உரிமம் என்னும் தாராளமான இசைவுடன் வந்தமையால், அதனைக்கொண்டு எவரும் பொருளீட்டலாம். பின்னர் அவர் கூட்டாளிகளுடன் எலாஸ்டிக் என்னும் கம்பெனியை நிறுவினார். 2015-இல் அமேசான் கம்பெனியாரும் அந்நிரலையே தம் இயந்திரங்களில் ஓட்டிக் கட்டணம் பெறலாயினர். உழுதார் ஒருவர், அறுத்தார் வேறொருவர் என எலாஸ்டிக் கம்பெனியார் மனம் நொந்தனர். ஆயினும், அவ்வறுவடைக்கு அவர்தம் உரிமமே இடந்தந்திருந்தது என்பதை மறத்தற்கில்லை.

2021 ஜனவரியில் அவர்கள் இனிவரும் பதிப்புகட்கு அவ்வுரிமத்தைக் கைவிட்டு, கட்டுப்பாடு மிக்க வேறு உரிமங்களை விதித்தனர். நிற்க. கூலியின்றி நிரல் எழுதியும் பிழை களைந்தும் உதவிய அயலார் பலருளர். அவர்தம் உழைப்பும் அவ்வேலிக்குள் அகப்பட்டது. அவர்கள் முன்னரே ஒப்பமிட்ட உடன்படிக்கை அதற்கு வழி வைத்திருந்தது. இருபெருங் கம்பெனிகளின் வழக்கில் யாம் இரங்குவது இவர்கட்கே.

அமேசான் கம்பெனியார் பழைய திறந்த பதிப்பினின்று ‘ஓப்பன்சர்ச்’ என்னும் கிளையை அவ்வாண்டே தொடங்கினர். 2024 செப்டம்பரில் அது லினக்ஸ் பவுண்டேஷன் வசம் ஒப்புவிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னரே எலாஸ்டிக் கம்பெனியாரும் ஏஜிபிஎல் என்னும் திறந்த உரிமத்தைத் தம் நிரலுக்குச் சேர்த்தனர். நிரலைத் திருத்திச் சேவையாக நடத்துவோர் அத்திருத்தங்களையும் வெளியிடவேண்டும் என்பது அதன் விதி. கிளைகளோ மீண்டும் ஒன்றாகவில்லை. பொதுவான பிழை ஒன்றை இன்று இருமுறை திருத்தவேண்டியிருக்கின்றது.