பாட்டிக்கு ஒரு போன்: அயர்லாந்து 2015, சுக்கிலநத்தம் 1928

2023 அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. வீட்டில் இருந்தே வேலை என்பதால் பதினோரு மணி வாக்கில் டீ குடிக்கப் போயிருந்தேன். (ஆலங்குளம் என்றதும் தென்காசி பக்கம் போய்விடாதீர்கள். இது சிமெண்ட் ஆலை இருக்கிற விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம்.) டீக்கடை டிவியில் தன்பாலினத் திருமண வழக்கின் தீர்ப்பு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்து, "இதெல்லாம் வெளிநாட்டு விவகாரம்லா தம்பி? நம்ம ஊர்ல எவன் இருக்கான்?" என்றார்.

எனக்கு ஒருத்தனைத் தெரியும். என்னோடு இன்ஜினியரிங் படித்தவன், நம்ம பக்கத்து ஊர்க்காரன். கடைசி வருஷம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் என்னிடம் சொன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்டா." கல்யாணம் ஆனது. சரியாகவில்லை. மூணு வருஷத்தில் விவாகரத்து. அந்தப் பெண் வீட்டில் செலவழித்த பணமும் அவர் பட்ட அவமானமும் தனிக் கதை. அவன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். ஊருக்கு வருவதில்லை.

பெரியவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த உறுத்தலில்தான் படிக்க ஆரம்பித்தேன். என் கேள்வி இதுதான்: மத நம்பிக்கை ஆழமாக இருக்கிற ஒரு சமூகம் இந்த விஷயத்தில் மனசு மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் எப்படி?

ஏன் அயர்லாந்து?

ஸ்பெயினும் கத்தோலிக்க நாடுதான். 2005-லேயே சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அது நாடாளுமன்றம் எடுத்த முடிவு. அதை எதிர்த்து மாட்ரிட்டில் மிகப் பெரிய ஊர்வலம் நடந்தது, எதிர்க்கட்சி நீதிமன்றம் போனது, 2012-ல்தான் வழக்கு முடிந்தது. அயர்லாந்து கதை வேறு. அங்கே அரசியல் சட்டத்தை மாற்ற மக்களிடமே ஓட்டுக் கேட்க வேண்டும். ஆகவே மக்கள் என்ன நினைத்தார்கள் என்று ஊகிக்கத் தேவையில்லை, எண்ணிக்கையே இருக்கிறது.

2015 மே 22. "பால் வேறுபாடு இல்லாமல் இருவர் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம்" என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியத்தை அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். சுமார் 12 லட்சம் பேர் ஆம், 7.34 லட்சம் பேர் இல்லை. அதாவது 62 சதவீதம் ஆம். மொத்தம் 43 தொகுதிகளில் 42 ஆம் என்றன. ராஸ்காமன்–தெற்கு லீட்ரிம் மட்டும் மயிரிழையில் இல்லை என்றது. நாடு முழுக்க மக்கள் வாக்கெடுப்பு நடத்தி இதை நிறைவேற்றிய முதல் நாடு அதுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 84 சதவீதம் பேர் தங்களைக் கத்தோலிக்கர் என்று பதிந்தவர்கள். விவாகரத்துக்கே 1986 வாக்கெடுப்பில் முடியாது என்று சொன்ன நாடு. 1995-ல் மறுபடி கேட்டபோது வெறும் 9,114 ஓட்டு வித்தியாசத்தில் ஒப்புக்கொண்டார்கள். நம்ம 377-ஐப் போலவே அவர்களுக்கும் விக்டோரியா காலத்துப் பிரிட்டிஷ் சட்டம் இருந்தது. அதை 1993-ல்தான் நீக்கினார்கள். அங்கிருந்து 22 வருஷத்தில் 62 சதவீதம்!

எப்படி நடந்தது?

சர்ச் பலவீனமாகிவிட்டது, அதனால் நடந்தது என்பது எளிதான பதில். அதில் உண்மை இருக்கிறது. குழந்தைகள் மீது குருக்களும் மத நிறுவனங்களும் செய்த கொடுமைகளைப் பற்றி 2005-லும் 2009-லும் வந்த விசாரணை அறிக்கைகள் சர்ச்சின் மரியாதையைக் குலைத்துவிட்டன. ஆனால் கோபத்தில் போட்ட ஓட்டு என்று மட்டும் இதைப் புரிந்துகொண்டால் தப்பு. இன்னும் மூணு விஷயம் எனக்குப் பட்டது.

முதலாவது, படிப்படியாக வந்தார்கள். 1993-ல் குற்றம் இல்லை என்றார்கள். 2010-ல் திருமணம் என்ற பெயர் இல்லாமல் துணைவர்களாகப் பதிவுசெய்ய ஒரு சட்டம் வந்தது. 2011 முதல் பதிவு நடந்தது, வானம் இடிந்து விழவில்லை. 2013-ல் ஒரு அரசியல் சட்டப் பேரவை. நூறு பேர், அதில் 66 பேர் சாதாரணக் குடிமக்கள். வார இறுதிகளில் உட்கார்ந்து நிபுணர் பேச்சைக் கேட்டு, மேஜை மேஜையாக விவாதித்தார்கள். முடிவில் 79 சதவீதம் பேர் ஆதரித்தார்கள்.

இரண்டாவது, கேள்வியைச் சின்னதாக்கினார்கள். எதிர்ப்பாளர்களின் முக்கியமான வாதம் குழந்தை பற்றியது: ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மா, அப்பா இருவரும் வேண்டும் என்பது. தத்தெடுப்பு பற்றிய சட்டத்தை வாக்கெடுப்புக்கு முன்பே நாடாளுமன்றம் தனியாக நிறைவேற்றிவிட்டது. ஆகவே ஓட்டு திருமணத்துக்கு மட்டும். அதுவும் அரசுப் பதிவுத் திருமணம். சர்ச்சில் நடக்கிற திருமணம் என்கிற திருவருட்சாதனத்தில் யாரும் கை வைக்கவில்லை. எந்தக் குருவையும் கட்டாயப்படுத்த முடியாது. ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போய், வெள்ளிக்கிழமை ஆம் என்றும் ஓட்டுப் போட முடிந்தது இதனால்தான்.

மூன்றாவதுதான் முக்கியம். தெரிந்த முகங்கள் பேசின. 2015 ஜனவரியில், அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் லியோ வரத்கர் தான் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று வானொலிப் பேட்டியில் சொன்னார். அவர் அப்பா மும்பைக்காரர், டாக்டர். இரண்டு வருஷத்தில் லியோ பிரதமரே ஆகிவிட்டார். முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்அலீஸ் பக்தியுள்ள கத்தோலிக்கர், சர்ச் சட்டம் படித்தவர். தன் மகனை முன்வைத்து ஒரு அம்மாவாகப் பேசினார். டப்ளின் டிரினிட்டி கல்லூரி மாணவர்கள் "பாட்டிக்குப் போன் பண்ணு" என்று ஒரு இயக்கமே நடத்தினார்கள். தத்துவமெல்லாம் வேண்டாம், உன் பாட்டியிடம் நீ பேசு, அவ்வளவுதான். ஓட்டு நாளன்று லண்டனில் இருந்தும் இன்னும் தூரத்தில் இருந்தும் இளைஞர்கள் கப்பலிலும் விமானத்திலும் ஊருக்கு வந்து இறங்கினார்கள். பொங்கலுக்கு ஆம்னி பஸ்ஸில் வந்து இறங்குகிற நம்ம பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

ஒரு எச்சரிக்கை. இதை வைத்து அயர்லாந்து மரபைத் தூக்கி எறிந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. 2024 மார்ச்சில் மறுபடி ஒரு வாக்கெடுப்பு. குடும்பம் என்பது திருமணத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்டதல்ல, நீடித்த உறவுகளும் குடும்பம்தான் என்று சேர்க்கலாமா என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 68 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த வாசகம் யார் யாரைக் குறிக்கிறது என்று அரசாலேயே தெளிவாகச் சொல்ல முடியவில்லை. 2015-ல் மக்கள் கண் முன்னே இருந்தது பக்கத்து வீட்டுப் பையன். 2024-ல் இருந்தது ஒரு சொற்றொடர். இது என் வாசிப்பு.

நம்ம மாவட்டத்துக் கதை

இதெல்லாம் வெளிநாடு, நம்ம ஊரில் கல்யாணத்தை யாரும் மாற்ற முடியாது என்பவர்கள் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தம் வரைக்கும் ஒரு எட்டுப் போய் வரலாம். 1928 மே 28 அன்று அங்கேதான் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்ததாகச் சொல்கிறார்கள். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. 1931-ல் சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு நடந்ததும் நம்ம விருதுநகரில்தான்.

அந்தக் கல்யாணங்களைச் சட்டம் ஏற்கவில்லை. 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம், உரிய சடங்கு இல்லாததால் அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்றது. இது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. கல்யாணம் செல்லாது என்றால் மனைவி மனைவி இல்லை, பிள்ளைக்குச் சொத்தில் பங்கு கேள்விக்குறி. அப்படியும் ஜனங்கள் நிறுத்தவில்லை. ஊர் பேசியது, பேசி அடங்கியது. 1967-ல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் முன்னால் இருவரும் ஏற்றுக்கொண்டு மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால் போதும். முன்பு நடந்தவையும் செல்லும் என்றார்கள். ஜனங்கள் தொடங்கி நாற்பது வருஷம் கழித்துத்தான் சட்டம் வந்து சேர்ந்தது.

இரண்டும் ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். அங்கே மாறியது சடங்கு, மணமக்கள் ஆணும் பெண்ணும்தான். ஆனால் கல்யாணம் என்பது கல்லில் வெட்டியது என்ற வாதம் நம்ம மாவட்டத்தில் எடுபடாது.

நம்ம நீதிமன்றங்களில்

அக்டோபர் 17 தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளுமே, திருமணம் அடிப்படை உரிமை அல்ல, சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். திருமணம் இல்லாத பதிவு உறவுக்கும் தத்தெடுப்புக்கும் 3-க்கு 2 என்ற கணக்கில் மறுப்பு. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடி. இந்த வழக்கில் மத்திய அரசு வைத்த ஒரு வாதம், இது நகரத்து மேல்தட்டின் கருத்து என்பது.

நம்ம பக்கத்து வழக்குகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 2018-ல் தூத்துக்குடியில் ஒரு கோயிலில் ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் மணமுடித்தார்கள். பதிவு அலுவலகம் பதிய மறுத்தது. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் உள்ள மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும், பதிவு செய்யுங்கள் என்றார்.

2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், பெற்றோருக்குப் பயந்து சென்னைக்குப் போய்ப் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ஒரு காரியம் செய்தார். தனக்கே இதில் புரிதல் போதாது என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு உத்தரவு எழுதினார். போலீஸ் தொந்தரவு கூடாது, 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை தருவது கூடாது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் போலீஸ் நடத்தை விதி திருத்தப்பட்டது. மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசு 2022-ல் வெளியிட்டதும் அதனால்தான்.

2025 மே மாதம், குடும்பத்தார் அடைத்து வைத்திருந்த ஒரு பெண்ணை மீட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற அமர்வு இன்னொரு படி போனது. திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி இல்லை, தானே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது. அந்த அமர்விலும் நீதிபதி சுவாமிநாதன் இருந்தார். இதற்கிடையில் 2024-ல், கூட்டு வங்கிக் கணக்குக்கும் நாமினி போடுவதற்கும் தடை இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது.

மதுரை, தூத்துக்குடி. இதில் மேல்தட்டு எங்கே இருக்கிறது?

முகம் எங்கே?

அயர்லாந்தின் மூணு விஷயங்களில் முதல் இரண்டும் தட்டுத் தடுமாறி இங்கேயும் நடக்கிறது. மூன்றாவதுதான் இல்லை. நம்ம ஊரில் முகம் தெரிவதில்லை. தெரிந்தால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையாது, அப்பா தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலை, அச்சகம் என்று எங்கே போனாலும் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். அதனால் இருக்கிறவர்கள் பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் போன பிறகு, நம்ம ஊர்ல எவன் இருக்கான் என்று நாம் கேட்கிறோம். போகாதவர்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறோம். அந்தக் கல்யாணத்தில் பாழாவது இரண்டு வாழ்க்கை.

இதை எழுதுவதற்கு முன் அவனுக்குப் போன் செய்தேன். பெயர், ஊர் இல்லாமல் எழுதுகிறேன் என்றேன். "எழுதுடா" என்றான். ஹாஸ்டல் மாடியில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "எனக்கு விடு. அந்தப் பொண்ணுகிட்ட யார்டா மன்னிப்புக் கேக்குறது?" என்றான்.

பதில் சொல்லத் தெரியவில்லை. பெரியவர் இன்னும் அதே டீக்கடைக்குத்தான் வருகிறார். அடுத்த தடவை அவர் கேட்டால், ஒருத்தனை எனக்குத் தெரியும் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.