இலங்கை மலாய்: ஒலி, இலக்கணம், வழக்கு

மாணவர்களே, இலங்கை மலாயர் பேசுவது மலேசியாவில் பேசப்படும் அதே மலாய் என எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள். இரண்டும் ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆனால் இலங்கை மலாய் இங்கு வந்து உருமாறிவிட்டது. ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டு தொடக்கம் படைவீரர்களையும் நாடுகடத்தப்பட்டோரையும் தம் கீழைத்தேயத் தீவுகளிலிருந்து கொண்டுவந்தனர். பிரித்தானியரும் மலாய்ப் படையணியை 1873 வரை வைத்திருந்தனர். 1869இல் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகை அரபெழுத்தில் வெளிவந்தது.

ஒலிகளை முதலில் நோக்குவோம். சொல்லிறுதி 'ன்' இங்கு 'ங்' ஆகிறது: மாக்கான் (உண்) என்பது மாக்கங். இறுதி 'ஹ்' மறைகிறது: ரூமாஹ் (வீடு) என்பது ரூமா. தமிழைப் போலவே த, ட ஒலிகள் வேறுபடுத்தப்படுகின்றன.

இலக்கணமே முக்கியமான பகுதி; இதை நன்றாகக் கவனியுங்கள். மலேசியாவில் 'சாயா மாக்கான் நாசி', அதாவது 'நான் உண் சோறு' என்ற ஒழுங்கு. இலங்கையின் மலைநாட்டு வழக்கில் 'சே நாசி அர-மாக்கங்' என்பர். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என நம் வாக்கிய ஒழுங்கே வந்துவிட்டது! 'வீட்டுக்கு' என்பதற்கு மலேசியாவில் 'கெ ரூமாஹ்', உருபு முன்னால். இங்கோ 'ரூமா-நங்'. 'நங்' நமது நான்காம் வேற்றுமை 'கு' போலப் பெயரின் பின்னால் ஒட்டுகிறது. எனினும் 'அர' (நிகழ்காலம்), 'சு' (இறந்தகாலம்) ஆகிய காலங்காட்டிகள் வினைக்கு முன்னாலேயே நிற்கின்றன. தமிழில் இப்படி வராது. சொற்களிற் பெரும்பாலானவையும் மலாயே.

இம்மாற்றத்துக்குச் சோனகரின் தமிழ் காரணமா, சிங்களம் காரணமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரு மொழிகளிலும் இதே வாக்கிய ஒழுங்கு இருப்பதால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வது கடினம். வினா வந்தால் இரண்டையும் குறிப்பிடுக.

கொழும்பு, மலைநாடு, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களில் வழக்குகள் சற்று வேறுபடும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மலாயர் 40,000 பேருக்கு மேல். ஆயினும் கொழும்பில் இளந்தலைமுறையினர் பலர் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிவிட்டனர். பிள்ளைகளும் வீட்டில் மலாய் பேசும் இடமாக ஆய்வாளர் எடுத்துக்காட்டுவது அம்பாந்தோட்டை மாவட்டத்தின் கிரிந்தைக் கிராமத்தையே.