காலை வாருவது வேறு, காலை இழுப்பது வேறு

இரவு எட்டு மணி. சென்னை ஓ.எம்.ஆரில் ஓர் ஐ.டி. அலுவலகம். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண், அமெரிக்க வாடிக்கையாளரோடு தொலைபேசி அழைப்பில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிய எத்தனை நாளாகும் என்று விசாரித்த வாடிக்கையாளர், "ஜஸ்ட் கிவ் மீ எ பால்பார்க் ஃபிகர்" என்கிறார். பால் தெரியும், பார்க் தெரியும், ஃபிகரும் தெரியும். மூன்றும் சேர்ந்து என்ன கேட்கின்றன என்பதுதான் தெரியவில்லை. "ஷ்யூர்" என்று சொல்லிவிட்டு, மியூட் பொத்தானை அழுத்திப் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்க்கிறாள். "குத்துமதிப்பா ஒரு நம்பர் கேக்குறாரும்மா" என்கிறார் அவர்.

குத்துமதிப்பு! வீட்டிலும் கடையிலும் சின்ன வயதிலிருந்து கேட்ட சொல். அதில் குத்து எங்கே, மதிப்பு எங்கே என்று அவள் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. 'கம்பி நீட்டிவிட்டான்' என்றால் எந்தத் தமிழருக்கும் கண்முன் கம்பி வருவதில்லை. 'அல்வா கொடுத்துட்டான்' என்றால் நாக்கில் இனிப்பு ஊறுவதில்லை. ஆள் ஓடிவிட்டான், ஏமாற்றிவிட்டான் என்ற செய்தி மட்டும் நேராக மனதுக்குப் போய்விடுகிறது. இதை டேவிட் ஸ்வின்னி, ஆன் கட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் சோதித்துப் பார்த்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், தங்களுக்குப் பழகிய மரபுத்தொடரைச் சாதாரணத் தொடரைவிட வேகமாகவே அடையாளம் கண்டார்கள். சொல் சொல்லாகக் கூட்டிப் பொருள் தேடும் வேலையே அங்கே இல்லை. முழுத் தொடரும் ஒரு நீண்ட சொல்லைப்போல மனதில் தங்கியிருக்கிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

ஆங்கில மரபுத்தொடர்களைக் கற்க விரும்புகிறவருக்கு இது நல்ல செய்தி. இந்த வித்தை தமிழில் அவருக்கு ஏற்கெனவே கைவந்தது. புதிதாகக் கற்க வேண்டியது, அந்தத் தொடர் எந்த ஊரில், யார் வாயில், என்ன குரலில் பிறக்கிறது என்பதைத்தான்.

ஊரிலிருந்தே தொடங்கலாம். பால்பார்க் என்பது பேஸ்பால் மைதானம். அமெரிக்க அலுவலகப் பேச்சில் பாதி அந்த மைதானத்திலிருந்து வந்ததோ என்று தோன்றும். 'டச் பேஸ்' என்றால் சுருக்கமாகப் பேசித் தொடர்பில் இருப்பது. 'கர்வ்பால்' என்றால் எதிர்பாராமல் வந்து விழும் சிக்கல். 'ரெயின் செக்' இன்னும் சுவையானது. மழையால் ஆட்டம் நின்றுபோனால், இன்னொரு நாள் வந்து பார்த்துக்கொள்ள ரசிகர்களுக்குக் கொடுக்கப்பட்ட சீட்டு அது. இன்று ஒருவர் "கேன் ஐ டேக் எ ரெயின் செக்?" என்று கேட்டால், 'இன்றைக்கு முடியாது, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா' என்று பொருள். ஜன்னலைத் திறந்து மழை பெய்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை.

இங்கிலாந்துக்காரரின் பேச்சில் பேஸ்பால் இருந்த இடத்தில் கிரிக்கெட் நிற்கும். அங்கே தமிழருக்குப் பாதி வேலை மிச்சம். 'ஆன் தி பேக் ஃபுட்', 'பௌல்டு ஓவர்' ஆகியவற்றுக்கு அகராதி தேவைப்படாது. 'ஸ்டிக்கி விக்கெட்' மட்டும் இன்றைய இளைஞருக்குப் புரியாமல் போகலாம். ஆடுகளத்தைத் தார்ப்பாயால் மூடாத காலத்தில், மழையில் நனைந்த தரை வெயிலில் காயத் தொடங்கும்போது பந்து எப்படி எழும்பும், எங்கே திரும்பும் என்று மட்டையாளரால் சொல்லவே முடியாது. அந்த இக்கட்டுதான் ஸ்டிக்கி விக்கெட். 'ஹாட்ரிக்'கும் அங்கிருந்து வந்ததே. 1858இல் ஷெஃபீல்டில் எச்.எச். ஸ்டீஃபன்சன் அடுத்தடுத்த 3 பந்துகளில் 3 விக்கெட் எடுத்தார். ரசிகர்களிடம் பணம் வசூலித்து அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். இன்று மூன்று படம் வரிசையாக ஓடினால் தமிழ்ப் பத்திரிகை 'ஹாட்ரிக் வெற்றி' என்று எழுதுகிறது.

ஒரே சொல் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நேர் எதிராகப் பொருள்படுவதும் உண்டு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது என்றால் உடனே விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவிலோ, ஒத்திப்போடுவது. போர்க்காலக் கூட்டமொன்றில் இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லுக்காக நெடுநேரம் வாதாடினார்கள் என்றும், இரு தரப்பும் விரும்பியது ஒன்றைத்தான் என்று பிறகே தெரிந்தது என்றும் இரண்டாம் உலகப்போர் பற்றிய தன் நூலில் சர்ச்சில் எழுதியிருக்கிறார். இந்தியா பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுகிறது. நாடாளுமன்றத்தில் மசோதாவை 'டேபிள்' செய்தார்கள் என்றால் தாக்கல் செய்தார்கள் என்று பொருள். அமெரிக்க மேலாளர் "லெட்ஸ் டேபிள் திஸ்" என்றால், நம் ஊர்க்காரர் அவசரமாகக் கோப்பைத் திறப்பார். அவரோ அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்.

தமிழருக்கென்றே காத்திருக்கும் பள்ளம் வேறொன்று. 'காலை வாரிவிட்டான்' என்றால் நம்பவைத்துக் கவிழ்த்தான் என்று பொருள். 'புல்லிங் மை லெக்' அதே மாதிரி இருக்கிறதே என்று எடுத்துப் பயன்படுத்தினால், பொருள் தலைகீழாகிவிடும். ஆங்கிலத்தில் அது விளையாட்டுக்குச் சீண்டுவது, கலாய்ப்பது. பதவி உயர்வு விஷயத்தில் உடன் வேலை செய்கிறவர் துரோகம் செய்துவிட்டார் என்று மனம் நொந்து, "ஹி புல்டு மை லெக்" என்று மேலதிகாரியிடம் முறையிட்டால், அவர் சிரித்துக்கொண்டே "ஓ, டோன்ட் வொர்ரி" என்பார். பட்ட காயம் அவர் காதுக்கே போயிருக்காது. இரண்டு மொழியிலும் கால் இருக்கிறது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. மாறாக, சொல்லே ஒட்டாத இடத்தில் பொருள் கச்சிதமாகப் பொருந்தும். 'சிட்டிங் ஆன் தி ஃபென்ஸ்' என்பது நம் மதில்மேல் பூனை. 'ஒன்ஸ் இன் எ புளூ மூன்' என்பது அத்தி பூத்தாற்போல. வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை மட்டும் இரு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றேதான்.

இதைவிட ஆபத்தானது, பொருள் சரியாக இருந்தும் மரியாதை தவறிப்போவது. போட்டித் தேர்வுப் புத்தகங்களில் 'கிக் தி பக்கெட் — இறத்தல்' என்று ஒரு வரி இருக்கும். எஸ்.எஸ்.சி. தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அது போதும். துக்கம் விசாரிக்கப் போகும் இடத்துக்குப் போதாது. கிக் தி பக்கெட் என்பது 'மண்டையைப் போட்டான்' என்பதற்குச் சமம். தந்தையை இழந்து நிற்கும் நண்பரிடம் 'உங்கப்பா மண்டையைப் போட்டாராமே' என்று யாராவது கேட்பார்களா? 'காலமானார்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'பாஸ்டு அவே' இருக்கிறது. பொருளை மட்டும் எழுதி அதன் எடையை எழுதாத பட்டியல், படிக்கிறவரைக் கைவிட்டுவிடுகிறது.

பட்டியல்களில் இன்னொரு குறையும் உண்டு. அவை எடுப்பாக ஒலிப்பவற்றைத்தான் விரும்பிச் சேர்க்கின்றன. கனமழை என்றதும் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று பள்ளிப் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள். ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இலேயே கையாண்ட தொடர் அது. இன்று லண்டன் தெருவில் நனைந்துகொண்டு ஓடுகிறவர் "இட்ஸ் பக்கெட்டிங் டவுன்" என்று சொல்லத்தான் வாய்ப்பு அதிகம். பக்கெட் பக்கெட்டாகக் கொட்டுகிறது என்பதுதான். ரோசமண்ட் மூன் என்ற மொழியியலாளர் 1 கோடியே 80 லட்சம் சொற்கள் கொண்ட ஆங்கிலத் தொகுப்பை அலசி 1998இல் ஒரு நூல் வெளியிட்டார். புகழ்பெற்ற மரபுத்தொடர்களில் பல உண்மையான பயன்பாட்டில் மிக அரிதாகவே வருகின்றன என்று அது காட்டியது.

அப்படியானால் தினமும் காதில் விழுபவை எவை? பெரும்பாலும் சத்தமில்லாத, சின்னச் சின்னத் தொடர்கள். "இட் ஸ்லிப்டு மை மைண்ட்": மறந்தே போச்சு. "தட் ரிங்ஸ் எ பெல்": எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே. "ஐ'ம் எ பிட் டைடு அப்": கொஞ்சம் வேலையா இருக்கேன். "கீப் மீ போஸ்டட்": அப்பப்போ தகவல் சொல்லுங்க. "நாட் மை கப் ஆஃப் டீ": நமக்கு அது சரிப்படாது. இவற்றில் பலவும் மறுப்பையோ தவறையோ மென்மையாக்கிச் சொல்ல உதவுபவை. 'ஐ ஃபர்காட்' என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்வதற்கும், மனதிலிருந்து நழுவிவிட்டது என்று சொல்வதற்கும் உள்ள தூரத்தில்தான் அன்றாட உரையாடல் நடக்கிறது. 50 அலங்காரத் தொடர்களைவிட இந்த மாதிரி 10 தொடர் கைவசம் இருப்பது எவ்வளவோ மேல்.

'ப்ளே இட் பை இயர்' என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். எழுதிவைத்த இசைக்குறிப்பு இல்லாமல், காதால் கேட்டே வாசிப்பது. நம் ஊரில் கேள்வி ஞானம் என்போமே, அதேதான். அதிலிருந்து, முன்கூட்டியே திட்டம் போடாமல் அந்த நேரத்துக்குத் தகுந்தபடி பார்த்துக்கொள்வது என்ற பொருள் வந்தது. கேள்வி ஞானம் என்ற சொல்லோடு ஒருமுறை முடிச்சுப் போட்டுவிட்டால் இந்தத் தொடர் மறக்காது. இது வெறும் அனுபவப் பேச்சல்ல. தொடர் பிறந்த பின்னணியைத் தெரிந்துகொண்ட மாணவர்களுக்கு அது நன்றாக நினைவில் நிற்கிறது என்பதை பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிராங்க் பூர்ஸ் தன் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். சவுக்கடி வாங்கும் சிப்பாய்கள் அலறாமலிருக்க ஈயக் குண்டைக் கடித்துக்கொள்வார்கள் என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சிஸ் குரோஸ் தன் கொச்சைச்சொல் அகராதியில் எழுதிவைத்தார். அந்தக் காட்சி தெரிந்தவருக்கு 'பைட் தி புல்லட்' என்றதும் 'பல்லைக் கடித்துக்கொண்டு' என்ற தமிழ் தானாக வரும்.

கதைகளில் கலப்படமும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. கூரை வீட்டின் மேல் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்ததால்தான் 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரமே இல்லை. நல்ல அகராதி உறுதிசெய்யாத கதையை நினைவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வரலாறு என்று அடுத்தவருக்குச் சொல்லாமலிருப்பது நல்லது.

நாளிதழ் படிக்கும் தமிழர், தனக்கே தெரியாமல் இப்படிப் பல தொடர்களைக் கற்றிருக்கிறார். 'சிவப்பு நாடா', 'வெள்ளை யானை', 'பச்சைக்கொடி காட்டினார்' எல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழில் குடியேறியவை. யாரும் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை. செய்தியில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டு, இடம் பொருள் புரிந்து, ஒட்டிக்கொண்டன.

அதே வழியை ஒரு சின்ன நோட்டில் வேண்டுமென்றே செய்யலாம். தொடரை மட்டும் எழுதாமல், யார் சொன்னார், எப்போது, எந்த முகத்தோடு என்பதையும் குறிப்பது. பக்கத்தில், அந்த இடத்தில் நாம் இருந்தால் தமிழில் என்ன சொல்லியிருப்போம் என்று எழுதுவது. ஓ.எம்.ஆர். பெண் அப்படி ஒரு நோட்டு போட்டால், முதல் பக்கத்தில் 'பால்பார்க் — குத்துமதிப்பு' இருக்கும். சில வாரம் கழித்து இன்னொரு பக்கத்தில் இப்படி ஒரு வரி: 'லெட்ஸ் கால் இட் எ டே. இரவு 11.40. வாடிக்கையாளர், லேப்டாப்பை மூடிக்கொண்டே. சரி, கடையைக் கட்டுவோம்.'