மலைத் தோட்டத்து டிராக்டரும் பி.டி.ஓ. என்னும் சுழல்தண்டும்

சேலம் ஜில்லாக் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820ஆம் ஆண்டை ஒட்டிச் சேர்வராயன் மலையில் காபிச் சாகுபடியைத் தொடங்கிவைத்த காலம் முதல், அங்குள்ள ஏற்காட்டுத் தோட்டங்களின் வேலை பெரும்பாலும் மனிதக் கைகளாலேயே நடந்து வந்திருக்கிறது. சில்வர் ஓக் மரங்களின்மீது மிளகுக் கொடி படர்ந்திருக்க, அவற்றின் நிழலில் சரிவை அனுசரித்து நெருக்கமாக நடப்பட்ட செடிகளிடையே பெரிய யந்திரம் நுழைவதற்கு இடம் ஏது? மித்சுபிஷி சக்தி, மகிந்திரா யுவராஜ் போன்ற, இருபது குதிரைசக்திக்கு உட்பட்ட சிறு டிராக்டர்கள் வந்த பிறகே, இத்தகைய நிலங்களின் மட்டமான பகுதிகளிலும் தோட்டப் பாதைகளிலும் மருந்து தெளிக்கும் பம்பை ஓட்டவும், புல் வெட்டும் ஸ்லாஷரைச் சுழற்றவும், கொல்லை மண்ணை ரோட்டவேட்டரால் பொலபொலப்பாக்கவும் வழி பிறந்தது. இவ்வேலைகள் அனைத்துக்கும் ஆதாரமாக இருப்பது டிராக்டரின் பின்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டையான இரும்புத் தண்டு; ‘பவர் டேக் ஆஃப்’ என்பதைச் சுருக்கி ஓட்டுநர்கள் அதைப் பி.டி.ஓ. என்பார்கள். முதல் இரண்டு மூன்று விநாடிகளில் அதை எவ்விதம் சுழலத் தொடங்க வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே யந்திரத்தின் ஆயுள் பெரிதும் அமைகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இத்தண்டின் சரித்திரம் ஒரு விவசாயியிடம் தொடங்குகிறது. பிரான்ஸ் தேசத்தவரான கூஜி என்பவர், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், தாமே அமைத்துக்கொண்ட டிராக்டரிலிருந்து ஒரு தண்டை நீட்டி அறுவடை யந்திரத்தை இயக்கினார்; அதைக் கண்ணுற்ற இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் பொறியாளர் எட்வர்ட் ஜான்ஸ்டன் அதை மனத்தில் பதித்துக்கொண்டார். 1918இல் அக்கம்பெனி விற்ற டிராக்டரில் அந்த ஏற்பாடு இடம்பெற்றது. 1927இல் அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் அதற்கு ஒரு பொது அளவை வகுத்தது. ஆறு பற்களும், ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் விட்டமும், நிமிஷத்துக்கு 540 சுற்று வேகமும் கொண்டு இன்று நம் சிறு டிராக்டர்களில் காணும் தண்டு அந்த ஏற்பாட்டின் வழிவந்ததே.

பதினைந்து குதிரைசக்தியை நிமிஷத்துக்கு 540 சுற்றில் கடத்தும்போது இத்தண்டின்மேல் விழும் முறுக்கு சுமார் 200 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பின் நுனியில் இருபது கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்குக்கு அது சமம். அதைத் தாங்கும்படியே தண்டும் பற்சக்கரங்களும் செய்யப்படுகின்றன. ஆனால் அசையாமல் நிற்கும் ஸ்லாஷரின் கனத்த கத்திகளை அந்த வேகத்துக்குக் கொண்டுவருவதற்கு வேண்டிய முறுக்கோ, நாம் எடுத்துக்கொள்ளும் காலத்துக்கு நேர்மாறாக வளர்வது. இரண்டு விநாடியில் எட்ட வேண்டிய வேகத்தை விநாடியின் ஐந்தில் ஒரு பங்கில் எட்டச் செய்தால், முறுக்கு பத்து மடங்காகிறது. எஞ்சினால் மட்டும் அவ்வளவு முறுக்கைத் தர இயலாது என்றாலும், அதன் கனத்த ஃபிளைவீல் தன்னிடம் சேர்த்துவைத்த சக்தியை அந்த ஒரு க்ஷணத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கோயில் தேர் இழுப்பதும் இப்படித்தான்: வடம் தொய்ந்திருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் வடம் அறும், தேர் அசையாது. வடம் விறைத்தபின் சிறுகச் சிறுக பலத்தைக் கூட்டினால், அதே வடம் அதே தேரை நான்கு மாட வீதியும் சுற்றிக் கொண்டுவரும். பி.டி.ஓ.வில் வடத்தின் ஸ்தானத்தில் இருப்பவை ஷியர் போல்ட்டும், தண்டையும் கருவியையும் இணைக்கும் குறுக்கு மூட்டின் பேரிங்கும், கியர்ப் பெட்டியின் பற்களும்.

கிளட்ச் மூலம் தண்டை எஞ்சினோடு மெதுவாகக் கோப்பது மட்டும் போதுமா என்றால், போதாது. கிளட்ச் வழுக்கும்போது அதில் உண்டாகும் வெப்பம், எஞ்சின் வேகம் மாறாதிருக்குமாயின், சுழலும் கருவி பெறும் இயக்க சக்திக்குச் சரிசமமானது. கால் விநாடியில் கோத்தாலும் நான்கு விநாடியில் கோத்தாலும் அந்த அளவு மாறுவதில்லை. கருவி அப்போதே புல்லையோ மண்ணையோ வெட்டிக்கொண்டிருந்தால், வழுக்கும் ஒவ்வொரு விநாடியும் வெப்பம் மேலும் கூடி கிளட்ச் தட்டு கருகும். இந்தச் சங்கடத்திலிருந்து மீளும் மார்க்கம் எஞ்சின் வேகத்தைக் குறைப்பதே. இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், பாதி வேகத்தில் கோத்தால் முறுக்கு பாதியாகக் குறைவதோடு வெப்பம் நான்கில் ஒரு பங்காகவும் குறைகிறது. கருவியைச் சுமையில்லாமல் நிறுத்தி, எஞ்சினை ஓய்வு வேகத்துக்குச் சற்றே மேலாக வைத்துக் கோத்து, தண்டு சீராகச் சுழலத் தொடங்கிய பின்னரே ஆக்ஸிலேட்டரை உயர்த்திச் செல்வதற்குப் பௌதிக சாஸ்திரம் காட்டும் நியாயம் இதுதான்.

ஏற்காட்டில் இதற்கு ஓர் இடையூறு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய நூற்றுக்குப் பதினான்கு பங்கு குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத சிறு டீசல் எஞ்சினுக்கு அவ்வளவு பிராணவாயு குறைவு. பலமும் அதற்கேற்பக் குறைவு. சேலத்துச் சமவெளியில் குறைந்த வேகத்தில் கருவியைச் சிரமமின்றிச் சுழற்றத் தொடங்கிய அதே டிராக்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தபின் திணறி அணைந்துபோகக் கூடும். ஓட்டுநர் உடனே செய்வது ஆக்ஸிலேட்டரை ஏற்றி மறுபடியும் கோப்பது. அவ்விதம் செய்தால் மேற்சொன்ன வெப்பமும் முறுக்கும் மறுபடியும் திரும்பி வருகின்றன. எஞ்சின் அணையாத அளவுக்கு மட்டும் வேகத்தைச் சிறிது கூட்டி, கிளட்ச் பெடலை இன்னும் பொறுமையாக விடுவதே மலைக்கு உகந்த முறை.

பெடலால் கோக்கும் டிராக்டரில், பெடலை முழுவதும் அமிழ்த்தி, உள்ளே சுழல்வன ஓயும்வரை பொறுத்து, பிறகே பி.டி.ஓ. லீவரைப் போட வேண்டும். கோத்து முடிந்ததும் பாதத்தைப் பெடலின்மேல் வைத்திருக்கவே கூடாது. எண்ணெயில் மூழ்கிய தட்டுகளை ஒரு ஸ்விட்ச் கோக்கும் டிராக்டரிலோ, கையாலும் காலாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. எஞ்சின் வேகத்தைக் குறைத்து வைப்பதொன்றே ஓட்டுநர் வசமுள்ள சாதனம். மார்கழிக் காலைக் குளிரில் எண்ணெய் தடித்திருக்கும். எஞ்சினைச் சில நிமிஷங்கள் ஓடவிட்டு, அதன் பிறகு கோக்க வேண்டும்.

மலைநிலத்தின் மேடுபள்ளம் குறுக்கு மூட்டையும் சோதிக்கிறது. ஒரு மூட்டு 30 பாகை வளைந்து நிற்கையில், ஒரு புறம் 540 சுற்று சீராக ஓடினாலும், மறுபுறத்து வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 468க்கும் 624க்கும் இடையே ஊசலாடுகிறது. இணைப்புத் தண்டின் இரு முனைகளிலும் உள்ள இரண்டு மூட்டுகளின் கவைகளும் ஒரே தளத்தில் அமைந்து, கோணங்களும் சமமாக இருந்தால் இந்த ஊசலாட்டம் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். ரோட்டவேட்டரை உயரத் தூக்கியபடி கோப்பவர்களுக்கு அந்தச் சகாயம் கிட்டுவதில்லை. கத்திகள் மண்ணைத் தொடாத அளவுக்கு மட்டும் உயர்த்திக் கோப்பதே நல்லது. இரு பருவ மழையும் நனைக்கும் இம்மலையில், பல மாதம் கிடந்த கருவியின் ஸ்லிப் கிளட்ச் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். ஒட்டிய கிளட்ச் அதிர்ச்சியை வாங்காமல் நேரே கியருக்கு அனுப்பிவிடும் என்பதால், பருவத் தொடக்கத்தில் அதன் ஸ்பிரிங்குகளைத் தளர்த்தி, ஒருமுறை வழுக்கவிட்டு, மீண்டும் பழைய அளவுக்கே முடுக்கிவைப்பது அவசியம்.

ஒற்றைக் கிளட்ச் உள்ள பழைய டிராக்டரில் ஸ்லாஷர் பூட்டியவர்கள் மற்றோர் அபாயத்தையும் அறிந்திருக்க வேண்டும். பெடலை மிதித்து எஞ்சினைப் பிரித்த பிறகும், சுழலும் கத்திகள் தம் வேகத்தால் தண்டைத் திருப்பி, அதன் வழியே கியர்ப் பெட்டியையும் சக்கரங்களையும் ஓட்டி, டிராக்டரை முன்னே தள்ளும். சரிவின் ஓரத்தில் அது எத்தகைய விபத்தில் முடியும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. தண்டுக்கும் கருவிக்கும் இடையே ஒருவழிக் கப்ளிங் ஒன்றைப் பூட்டிவிட்டால் இந்தத் தள்ளல் அடியோடு நின்றுவிடும்.

நிமிஷத்துக்கு 540 சுற்று என்பது விநாடிக்கு ஒன்பது சுற்று. ஏழு சென்டிமீட்டர் விட்டமுள்ள இணைப்புத் தண்டு வேட்டி நுனியையோ சேலை முந்தானையையோ பற்றினால் விநாடிக்கு இரண்டு மீட்டர் வீதம் சுருட்டிக்கொள்ளும். கையை இழுத்துக்கொள்ளக்கூட அவகாசமிராது. தோட்ட உரிமையாளர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: பி.டி.ஓ. தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருக்கும் டிராக்டரை, புதிய உறை மாட்டும்வரை, எத்தனை அவசர வேலையிருந்தாலும் கொட்டகையை விட்டு வெளியே அனுப்பாதீர்கள்.