முட்டை வெண்கருவும் ஒரு மனிதப் புரதமும்

1927-ஆம் ஆண்டில் லண்டன் லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மார்கரெட் போவாஸ் என்ற அம்மையார், வேகவைக்காமல் உலர்த்திய முட்டை வெண்கருவையே புரத ஆகாரமாக எலிகளுக்குக் கொடுத்துவர, அவற்றின் ரோமம் உதிர்ந்து, சருமம் புண்ணாகி, அங்கங்கள் விறைத்து, முடிவில் அவை மடியக் கண்டார். புஷ்டிக்கென்று உண்ணும் பதார்த்தம் விஷம்போல் வேலை செய்தது விசித்திரந்தான். அதைவிட விசித்திரம், அந்நோய்க்கு மாற்றான பயோட்டின் என்னும் விட்டமினை 1936-இல் கோகில், டோனிஸ் என்ற இருவர் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்தே பிரித்தெடுத்தது! வெண்கருவிலுள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டினைக் குடலிலேயே பற்றிக்கொண்டு, சரீரத்தில் சேரவொட்டாமல் செய்கிறது என்பது 1940-களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. அந்தப் பிடி சாமானியமானதன்று. உயிர்ப்பொருள்களிடையே அதனினும் வலிய பற்றைக் காண்பது அரிது. எலிகளைக் கொன்ற அந்தப் பிடியே இன்று புற்றுநோய் மருந்து தேடுவோருக்குச் சாதனமாக அமைந்திருக்கிறது.

ஜப்பானிலுள்ள கியோட்டோ சர்வகலாசாலையில் இஷிடா, ஹோஞ்ஜோ முதலியோர், உயிரணுக்கள் தாமே மடிவதற்குக் காரணமான மரபணுவைத் தேடப் புகுந்து, 1992-இல் பி.டி.-1 என்ற ஏற்பிப் புரதத்தைக் கண்டெடுத்தார்கள். அதன் பிரயோஜனம் சில வருஷங்கள் புலப்படவில்லை. அந்த மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை அவற்றின் நோய் எதிர்ப்புச் சக்தியே தாக்கத் தொடங்கிய பிறகுதான், நோயை எதிர்க்கும் டி உயிரணுக்களின் ஆவேசம் எல்லை மீறாதபடி தடுக்கும் முட்டுக்கட்டை அது என்பது விளங்கிற்று. புற்றுநோய் அணுக்களில் பல, பி.டி.-எல்.1 என்ற புரதத்தை மேலே தரித்து, இந்த ஏற்பியைத் தொட்டு, தம்மை அழிக்க வரும் டி அணுவை ஓயச் செய்துவிடுகின்றன. அந்தத் தொடர்பை மறிக்கும் எதிர்ப்பொருள்கள் 2014-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் மருந்துகளாக அங்கீகாரம் பெற்றன. 2018-இல் ஹோஞ்ஜோவுக்கும், இதையொத்த வேறொரு தடையை ஆராய்ந்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தகைய மருந்தை ஆராய்பவருக்கு ஏற்பியே கையில் வேண்டும். உயிரணுவின் சவ்வில் ஊன்றிக் கிடக்கும் அதைப் பிடுங்குவது பிரயாசை. ஆகையால் வெளியே நீண்டிருக்கும் பகுதிக்குரிய மரபணுத் துண்டை மட்டும், ஆய்வுக்கூடத்தில் வளரும் மனித உயிரணுக்களில் புகுத்தி, அவை சுரக்கும் புரதத்தை வடித்துச் சுத்தம் செய்கிறார்கள். பாக்டீரியாக்களில் தயாரித்தால் செலவு குறையும். ஆனால் மனித அணு அப்புரதத்தின்மீது சேர்க்கும் சர்க்கரைக் கிளைகள் அங்கே அமையா. சில எதிர்ப்பொருள்களோ அந்தச் சர்க்கரையையும் சேர்த்துத் தொட்டே ஏற்பியை இனங்காண்கின்றன.

இவ்வாறு பெற்ற புரதத்தைச் சோதனைத் தட்டில் நிறுத்துவதற்கு, முன்சொன்ன பிடியை நம்பி அதில் பயோட்டினைக் கோக்கிறார்கள். அதை எங்கே கோப்பது என்பதில்தான் உண்மையான சாமர்த்தியம் இருக்கிறது. ரசாயன முறையில் சேர்த்தால், லைசின் என்ற அமினோ அமிலம் எங்கெல்லாம் வெளிப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் அது ஒட்டிக்கொள்ளும்; பி.டி.-எல்.1 தொடவேண்டிய முகத்திலேயே ஒட்டிவிட்டால் பரிசோதனை வீண். ஆகவே, புரதத்தின் கோடியில் 15 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு வால் ஒன்றைச் சேர்த்து, அதிலுள்ள ஒரே லைசினில் மட்டும் பயோட்டினைப் பூட்டுமாறு, பாக்டீரியாவிலிருந்து பெற்ற பிர்-ஏ என்னும் நொதியை ஏவுவது உத்தமமான முறை. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர் தரும் ஸ்ட்ரெப்டாவிடின், அவிடினைப்போலவே பயோட்டினைப் பற்றுவது. அது பூசிய தட்டில் இந்தப் புரதத்தை விட்டால், வால் தட்டிலும் முகம் வெளியிலுமாக மூலக்கூறுகள் நிற்கும். பிறகு புதிய எதிர்ப்பொருளை மேலே செலுத்தி, எத்தனை விரைவில் பற்றுகிறது, எத்தனை தாமதமாக விடுகிறது, பி.டி.-எல்.1 நெருங்காதபடி மறிக்கிறதா என்று அளந்து பார்க்கலாம். சிறு குப்பிகளில் மைக்ரோகிராம் கணக்கில் விற்கப்படும் இந்தப் பயோட்டின் கோத்த ஏற்பிப் புரதம் ஆராய்ச்சிக்கு மட்டுமே உரியது; நோயாளிக்குச் செலுத்தும் மருந்தன்று.

நோயாளிகளின் ரத்தத்தைச் சோதிக்கும் முறைகள் பலவும் இதே பிடியை நம்பியவை. கூந்தல் வளருமென்று அதிக அளவில் பயோட்டின் மாத்திரை உண்பவரின் ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின், ஸ்ட்ரெப்டாவிடினின் இடங்களை முந்திக்கொண்டு பிடித்துவிடுவதால், மாரடைப்பைக் காட்டவேண்டிய டிரோபோனின் பரிசோதனைகூடச் சில வேளை பொய்யாகக் குறைந்த அளவைக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் 2017-இல் எச்சரித்தது. அம்மாத்திரை உட்கொள்பவர்கள் ரத்தம் கொடுக்குமுன் அதை வைத்தியரிடம் சொல்லிவிடுவது நல்லது.