வெருளிக்கு மூன்று நாள்

கல்முனைக்கு மேற்கே கரைவாகு வட்டையில் விதைப்பு முடிந்த மறுநாள் காலையில் போய் நின்று பாருங்கள். சேற்றை மட்டம் பண்ணி, தண்ணீரை வடித்து, முளைகட்டிய நெல்லை வீசிவிட்டு மனிதர் கரையேறியிருப்பார்கள். ஆனால் வயலில் ஆளில்லை என்று சொல்ல முடியாது. வெள்ளைக் கொக்கு, குளத்துக் கொக்கு, நெடுங்கால் உள்ளான் எல்லாம் சேற்றில் அடிமேல் அடி வைத்து உலாவிக்கொண்டிருக்கும். நடுவில் பழைய சாரமும் கை நீண்ட சேட்டும் உடுத்த வெருளி. தலைக்குக் கறுத்த சட்டி, சட்டியில் சுண்ணாம்பால் இரண்டு பெரிய கண்.

தமிழ்நாட்டில் சோளக்கொல்லைப் பொம்மை என்பதைத்தான் நாங்கள் வெருளி என்கிறோம். வெருளுவது என்றால் மிரளுவது. பெயரிலேயே வேலை இருக்கிறது. அந்த வேலையை அது எத்தனை நாள் செய்யும் என்று வயலைப் பார்த்துக்கொள்ளும் ஒரு முதிய முல்லைக்காரரிடம் கேட்டேன். “மூணு நாளைக்குத்தான் மகன் அதுட மவுசு. நாலாம் நாள் கொக்கு அதுட தலையில குந்தி இரிக்கும்” என்றார்.

விலங்கியலார் இதைப் பழக்கப்படுதல் என்பார்கள். தீங்கு செய்யாத ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால் உயிரினம் அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிடும். இது அசட்டுத் துணிச்சல் இல்லை, கணக்கு. ஒவ்வொரு முறை பறந்து தப்பும்போதும் பறவைக்கு இரையும் போகிறது, உடல் சக்தியும் போகிறது. அசையாத சட்டித் தலைக்காக அந்த நட்டத்தை எத்தனை தரம் தாங்கும்?

அப்படியானால் மூன்று நாள் மவுசை எதற்குச் செலவழிப்பது? அதற்கு முதலில் கொக்கு செய்யும் சேதம் என்னவென்று தெரிய வேண்டும். கொக்கு நெல் தின்னாது. அது தேடுவது தவளை, மீன்குஞ்சு, பூச்சி, புழு. சேதம் அதன் வாயால் அல்ல, காலால். மிதிபட்ட முளை சேற்றுக்குள் ஆழப் புதைந்துவிடும். காலடிப் பள்ளத்தில் தேங்கும் தண்ணீரில் கிடக்கும் விதை அழுகும். நீலத் தாழைக்கோழியும் காட்டுத் தாராவும் வேறு ரகம். ஒன்று நாற்றைப் பிடுங்கும், மற்றது விதையையே வடித்துத் தின்னும். எது வந்தாலும் ஆபத்துக் காலம் ஏறக்குறைய இரண்டு கிழமைதான். வேர் பிடித்துப் பயிர் எழும்பிவிட்டால் அதே கொக்கு வெட்டுக்கிளியையும் புழுவையும் பொறுக்கும் கூலியில்லா வேலையாள். உழவு மெஷினுக்குப் பின்னால் அது ஓடுவதைப் பார்க்காதவர் எங்கள் பக்கத்தில் இல்லை.

ஆகவே கொல்லும் கதையே வேண்டாம். 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நாட்டின் பெரும்பாலான காட்டுப் பறவைகளுக்குக் காவல். உயிருள்ள பிராணியைக் கட்டிவைத்துக் குறிபார்த்து எறிவதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்ததை எங்கள் பிள்ளைகள் மதரசாவிலேயே படிக்கிறார்கள். படித்துவிட்டு வெளியே வந்து கெட்டப்போல் (கவண்) எடுப்பதும் உண்டு, அது வேறு கதை.

கொக்கின் கண்ணுக்கு வருவோம். நம் கண்ணில் நிறம் காணும் கூம்பு உயிரணுக்கள் மூன்று வகை; பறவைக்கு நான்கு. மினுக்கத்தைப் பிரித்துப் பார்ப்பதிலும் பறவைக் கண் பொதுவாக நம்மை மிஞ்சும். கொக்கு, நாரைக் குடும்பத்துக்கு இன்னொரு சிறப்பு: கண்கள் பக்கவாட்டில் சற்றுத் தாழ அமைந்திருப்பதால், தலையைக் குனியாமலே அலகுக்குக் கீழே, தன் கால் விரல் வரை அதற்குத் தெரியும். சிலை போல நின்று மீனைக் குத்துவது இதனால்தான். தண்ணீருக்குள் மீன் இடம் மாறித் தெரியும் ஒளிமுறிவைக்கூட அது சரிக்கட்டிக் குத்துகிறது. இவ்வளவு நுட்பமான கண்ணை ஒரு பழைய சேட்டால் ஏமாற்றப் பார்க்கிறோம்.

அசைவும் மினுக்கமும் சேர்ந்தால் கொஞ்சம் நாள் கூடும். கஸெட் நாடாவை வரம்பு வழியே இழுத்துக் கட்டிய காலம் பலருக்கு நினைவிருக்கும். காற்றில் அது துடித்து ஒரு ரீங்காரம் எழுப்பும். அதன் படித்த தம்பிதான் ஒரு பக்கம் வெள்ளியும் மறுபக்கம் சிவப்புமான மினுங்கு நாடா. 11 மில்லிமீற்றர் அகலமான இந்த நாடாவை இந்தியா, பங்களாதேஷ், பிலிப்பைன்ஸ் வயல்களில் தானியம் தின்னும் பறவைகளிடம் சோதித்து 1986இல் முடிவு வெளியிட்டார்கள். பல இடங்களில் சேதம் குறைந்தது, எல்லா இடத்திலும் அல்ல. நாடாவை முறுக்கிக் கட்ட வேண்டும். அப்போதுதான் வெயில் விட்டுவிட்டுத் தெறிக்கும். கச்சான் காற்று எழும் நாட்களில் நாடா நன்றாகப் பாடும். பெரும்போக விதைப்பின் மழையில் நனைந்து தொங்கினால் அது வெறும் பொலித்தீன். வேலை முடிந்ததும் சுருட்டி எடுக்காவிட்டால் வாய்க்காலில் போய் அடையும்.

மீன் வளர்க்கும் குட்டைக்கு முறை வேறு. நாரை பெரும்பாலும் கரையில் இறங்கி, நடந்துதான் தண்ணீருக்குள் போகும். கரையோரமாக ஒரு சாண் உயரத்தில் ஒன்றும் இரண்டு சாண் உயரத்தில் ஒன்றுமாகக் கயிறு கட்டினால் அந்த நடை தடைப்படும். கயிறு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். மெல்லிய தங்கூசி நூலும் தொய்ந்த வலையும் பறவையின் காலையும் சிறகையும் சிக்கவைத்து மெதுவாகக் கொல்பவை. தெரியும்படி கட்டிய கயிறு “இங்கே வராதே” என்று சொல்கிறது. தெரியாத நூல் பொறி வைக்கிறது.

நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு பிழையும் உண்டு. மேலை நாடுகளில் குட்டைக் கரையில் பிளாஸ்டிக் நாரைப் பொம்மை வைப்பார்கள். நாரை தன் இடத்தில் இன்னொன்றைச் சகிக்காது, ஆகவே இறங்காது என்பது நம்பிக்கை. புளோரிடாவின் சதுப்பு நிலங்களில் ஆய்வாளர்கள் கொக்கு உருவங்களை வைத்துப் பார்த்தபோது நடந்தது நேர்மாறு: நீர்ப்பறவைகள் உருவங்களைத் தேடி வந்தன, அதிலும் வெள்ளை உருவங்களை. ஒரு கொக்கு நிற்கிறதென்றால் அங்கே இரை இருக்கிறது என்று மற்றவை வாசித்துக்கொள்கின்றன. கம்பில் வெள்ளை உரப்பையைக் கட்டிவிடும் நம் வழக்கத்தை அதற்குப் பிறகு நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். உயரே பறந்து வரும் கொக்குக்கு அது அபாயமாகத் தெரிகிறதா, அழைப்பிதழாகவா?

சட்டியில் வரைந்த கண்ணில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. எஸ்தோனியாக் கடலில் மீன்வலையருகே மிதவையில் பெரிய கண்களை வைத்துச் சுழலவிட்டார்கள். சுழலும்போது கண்கள் நெருங்கி வருவது போலத் தோன்றும். 50 மீற்றர் ஆரத்துக்குள் கடல் தாராக்கள் ஏறக்குறைய கால்வாசி குறைந்ததாக 2021இல் எழுதினார்கள். நெருங்கி வரும் கண்ணைத்தான் பறவை மதிக்கிறது, பார்த்துக்கொண்டே நிற்கும் கண்ணை அல்ல. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தார் ஒருபடி மேலே போய், வல்லூறு போலவே வண்ணமடித்த பறக்கும் இயந்திரத்தை 2022இல் அறிமுகப்படுத்தினார்கள். காகம், மைனா இனம், கடற்காகம், ஆள்காட்டி இனம் எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் வயலைக் காலி செய்தன. மூன்று மாத வேலையில் பழகிப்போன அறிகுறியும் இல்லை. ஆனால் அதை ஓட்டப் பயின்ற ஒரு ஆள் வேண்டும். கூலி கணக்குப் பார்த்தால் எங்கள் வட்டைக்கு இன்னும் சட்டித் தலையர்தான் கட்டும். பச்சை லேசர் விளக்கும் சந்தையில் உண்டு. பகல் வெளிச்சத்தில் அது எடுபடாது, பறவையின் கண்ணுக்கும் வயலில் நிற்பவர் கண்ணுக்கும் ஆகாது.

சட்டித் தலையரிடம் வேலை வாங்கவும் வழி இருக்கிறது. விதைப்புக்கு ஒரு வாரம் முன்பே அவரை நட்டு வைக்கக்கூடாது. விதைத்த அன்று மாலை நட வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு தரம் இடம் மாற்றி, சாரத்தை மாற்றி, இடையே உண்மையான ஆள் ஒருவர் அதே சேட்டைப் போட்டுக்கொண்டு வரம்பில் ஓடி வர வேண்டும். அப்போது கொக்குக்கு எது பொம்மை, எது ஆள் என்ற சந்தேகம் நிலைக்கும். மூன்று நாளைப் பத்து நாளாக்க அது போதும். இங்கிருந்து எழும்பும் பறவைக்குப் போக்கிடமும் வேண்டும்: கிட்டங்கித் தாம்போதியை ஒட்டிய நீர்நிலைகள், தெற்கே பொத்துவிலுக்கும் அப்பால் 1938 முதல் சரணாலயமாக இருக்கும் குமண. வயலோரத்துச் சதுப்பைத் தூர்த்து வீடு கட்டிவிட்டு, கொக்கு ஏன் வயலுக்கு வருகிறது என்று கேட்பதில் நியாயமில்லை.

பதினைந்தாம் நாள் பயிருக்குத் தண்ணீர் கட்டுவார்கள். வெருளியை யாரும் பிடுங்குவதில்லை. நீட்டிய அதன் கையில் கரிச்சான் ஒன்று வந்து குந்தி, பயிருக்குமேல் பறக்கும் பூச்சிகளைப் பாய்ந்து பிடித்துக்கொண்டிருக்கும்.