மன்னித்தவர்களும் நீதி கேட்கிறார்கள்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையின் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்று வழிபாட்டிடங்களிலும் கொழும்பின் பிரபல ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சீயோனில் உயிரிழந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர்கள்.

காரணமானவர்களை ஈவிரக்கமின்றித் தண்டிக்க வேண்டும் என்று அன்றைய தினம் கேட்டார், கொழும்புப் பேராயர் கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை. ஒரு வருடம் கழித்து, 2020 உயிர்த்த ஞாயிறு திருப்பலியில், தாக்கியவர்களை வெறுக்கவில்லை, மன்னித்துவிட்டோம் என்றார். சீயோன் சபையின் மூத்த போதகரோ தாக்குதல் நடந்து சிறிது காலத்திலேயே அதைச் சொல்லியிருந்தார். காயமும் கோபமும் இருப்பதை அவர் மறைக்கவில்லை. அவற்றோடுதான் மன்னிப்பதாகச் சொன்னார்.

போரில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு இந்த வார்த்தைகள் இலகுவில் செரிக்காது. ‘மறப்போம், மன்னிப்போம்’ என்பதை 2009இற்குப் பிறகு நாம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டோம். சொன்னவர்களில் பெரும்பாலானோர் எதையும் இழந்தவர்கள் அல்லர். ஆகவே, தீமை செய்தவருக்கு நன்மை செய் என்ற கிறிஸ்தவப் போதனை உண்மையில் எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

பகைவரை நேசிக்கவும் துன்புறுத்துவோருக்காக மன்றாடவும் மலைப்பிரசங்கத்தில் இயேசு சொல்கிறார். பழிவாங்காதீர்கள், பகைவன் பசித்திருந்தால் உணவு கொடுங்கள் என்று உரோமருக்கு எழுதுகிறார் பவுல். இது நமக்குப் புதிதல்ல. துன்பம் செய்தவர் வெட்கப்படும்படி அவருக்கு நன்மை செய்துவிடச் சொல்கிறார் வள்ளுவர், ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்தில்.

ஆனால், மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன அதே இயேசு, தலைமைக் குருவின் முன் காவலன் ஒருவன் அறைந்தபோது பேசாமல் இருக்கவில்லை. நான் சொன்னது சரியென்றால் ஏன் அடித்தாய் என்று கேட்டதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. திருப்பி அடிக்கவில்லை, கேள்வியை விடவுமில்லை. மக்களை ஏய்த்துச் சம்பாதித்த வரி வசூலிப்பாளன் சக்கேயுவின் வீட்டுக்கு அவர் விருந்தாளியாகப் போனார். அந்தப் பரிவின் முன்னால் சக்கேயு, ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். கருணை அங்கே கணக்கை மூடவில்லை, திறந்து வைத்தது.

பழிவாங்காமை வெறும் மனநிலை மட்டுமல்ல, உயிர் காக்கும் காரியமும்கூட. 2019 மே மாதம் குருநாகல், மினுவாங்கொடை பகுதிகளில் குண்டுவெடிப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாத முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அக்காலத்தில் கர்தினால் தன் மக்களைத் திரும்பத் திரும்ப அமைதி காக்கச் சொன்னார். ஒருவர் செய்த குற்றத்துக்கு அவருடைய இனத்தையே தண்டிப்பது என்னவென்று 1983 ஜூலையில் நாம் அனுபவித்திருக்கிறோம். பொரளையில் தொடங்கிய வன்முறை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, நுகேகொடை என்று பரவியபோது, தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய சிங்கள அயலவர்களும் இருந்தார்கள். அயலவரின் இரக்கம் உயிர்களைக் காப்பாற்றியது. அரசின் பொறுப்பை அது தீர்த்துவிடவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையும் மன்னிப்போடு நின்றுவிடவில்லை. முன்னெச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2022 மார்ச்சில், கர்தினால் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் முறையிட்டிருந்தார். போர்க்கால விடயங்களில் சர்வதேசத் தலையீட்டை விரும்பாதவராகத் தமிழர்கள் அறிந்திருந்தவர் அவர். உள்நாட்டுக் கதவுகள் திறக்காதபோது எங்கே போய்த் தட்டுவது என்ற கேள்வி கடைசியில் அவரிடமும் வந்து சேர்ந்தது.

தமிழர் தரப்பில் அந்தக் கேள்வியை முன்பே எழுப்பிய ஆயர் ஒருவர் இருந்தார். 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்த மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை, வன்னியில் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அரசாங்கப் புள்ளிவிபரங்களை வைத்தே கேட்டார். அவர் 2021இல் காலமானார். கேள்வி இன்னும் பதிலின்றி நிற்கிறது.

மன்னிப்பு பாதிக்கப்பட்டவருக்குச் சொந்தமானது. அவர் விரும்பும்போது, விரும்பினால் மட்டும், அதைக் கொடுக்கலாம். ஆணைக்குழுவோ அமைச்சரோ மதகுருவோ அவர் சார்பில் கொடுக்க முடியாது. அவரிடமிருந்து கேட்டு வாங்கவும் முடியாது. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சி வீதியோரத்தில் பிள்ளைகளின் படங்களோடு போராடும் தாய்மாரிடம் மன்னிப்பைப் பற்றிப் பேச விரும்புபவர்கள், யாரை, எதற்காக மன்னிப்பது என்பதை முதலில் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.